ஜூலை 1 அன்று வரவேண்டிய பணம்: அமெரிக்க நிதி ஒதுக்கீட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆகஸ்ட் 6, 2025

பெறுநர்: செனட் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவர் சூசன் காலின்ஸ், துணைத் தலைவர் பேட்டி மர்ரி, பிரதிநிதிகள் சபை நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவர் டாம் கோல், எதிர்த்தரப்பின் மூத்த உறுப்பினர் ரோசா டெலாரோ, இரு குழுக்களின் உறுப்பினர்கள்.

மதிப்பிற்குரியவர்களே,

மார்ச் மாதம் கல்விக்காக நீங்கள் ஒதுக்கிய பணம் ஜூலை முதல் தேதி எங்கள் வட கரோலினா மாநிலத்துக்கு வரவில்லை. பதினெட்டாம் தேதி, பள்ளி முடிந்தபின் நடக்கும் மாலை மையங்களுக்கான பங்கை மட்டும் விடுவிப்பதாக அறிவித்தார்கள். ‘அதுதான் வந்துவிட்டதே’ என்று அன்றோடு பேச்சும் முடிந்துபோனது. எனக்கு அந்தப் பேச்சு முடியவில்லை. அந்தப் பதினேழு நாளில் எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே நானே சொல்கிறேன்.

இம்மடலின் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இம்மாநிலத்தின் கேரி, மோரிஸ்வில் நகரங்களில் வசிக்கும் என் மொழிக்காரர்கள் பலர் உங்களுக்கு வரி கட்டுகிறவர்கள், வாக்குப் போடுகிறவர்கள். பிள்ளைகளைப் பணம் கட்டிக் கணக்கு வகுப்புக்கும் சதுரங்க வகுப்புக்கும் பாட்டு வகுப்புக்கும் காரில் ஏற்றி இறக்குவதிலேயே அவர்களுடைய மாலை கழிகிறது. நாற்பது மைல் தள்ளி வேறு மாதிரி மாலைகள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை எனக்கும் தெரியாது.

நான் கோயம்புத்தூர்ப் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகள். 2011-இல் வட கரோலினாவுக்கு வந்தேன். இப்போது வாரத்தில் நான்கு நாள், பழைய நெசவாலை ஊர் ஒன்றில் நடக்கும் மாலை மையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மணிக்கணக்கில் கூலி. ஆலை மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. செங்கல் புகைபோக்கி மட்டும் நிற்கிறது. முதல் நாள் காரிலிருந்து இறங்கி அதை அண்ணாந்து பார்த்தபோது, நான் சிங்காநல்லூரில் நிற்கிறேனா என்று ஒரு கணம் குழம்பிவிட்டேன்.

இன்று அந்த ஊருக்குச் சோறு போடுவது கோழி இறைச்சித் தொழிற்சாலை. இரண்டாம் ஷிப்ட் மூன்றரைக்குத் தொடங்கி நள்ளிரவில் முடிகிறது. பள்ளிக்கூட மணி அடிப்பது இரண்டு ஐம்பதுக்கு. பிள்ளை வீட்டுக்கு வரும் நேரமும் தாய் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் நேரமும் ஒன்று. கட்டட வேலைக்குப் போன தந்தை திரும்ப ஆறு மணி ஆகும். இடையில் இருக்கிற மூன்று மணி நேரத்துக்குத்தான் எங்கள் மையம். அதற்குப் பணம் ‘இருபத்தோராம் நூற்றாண்டு சமூகக் கற்றல் மையங்கள்’ என்னும் உங்கள் மானியத்திலிருந்து வருகிறது. 1998-இல் 4 கோடி டாலரோடு தொடங்கிய திட்டம். இன்று நாடெங்கும் ஏறக்குறைய 14 லட்சம் பிள்ளைகள் இதில் படிக்கிறார்கள். ஆண்டுக்கு 132 கோடியே 90 லட்சம் டாலர் ஒதுக்குகிறீர்கள்.

பெரிய தொகைதான். தலைக்குப் பிரித்துப் பாருங்கள்: ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 950 டாலர். பள்ளி நாள் 180 என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு ஐந்து டாலர் சில்லறை. மோரிஸ்வில்லில் ஒரு மசால் தோசை அதற்குக் கிடைக்காது.

அந்த ஐந்து டாலரில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு பையனைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு, பெற்றோர் குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்கள். பின்னம் என்ற சொல்லைக் கேட்டாலே நோட்டை மூடிவிடுவான். எட்டில் மூன்று பெரிதா, பாதி பெரிதா என்று கேட்டால், ‘மூன்றும் எட்டும் பெரிய எண்கள், ஆகவே எட்டில் மூன்றுதான்’ என்பான். வட்டம் வரைந்தேன், கட்டம் வரைந்தேன், ஆரஞ்சுப் பழத்தைக்கூட உரித்துப் பார்த்தேன். ஒன்றும் ஏறவில்லை. ஒரு மாலை அவன் தந்தை கூட்டிப்போக வந்தார். சுவர்ப்பலகை அடிக்கும் வேலை செய்கிறவர். இடுப்பில் அளவு நாடா தொங்கியது. இந்த நாட்டில் தச்சர்களின் அளவு நாடா முழுக்கப் பின்னம்தான்: அரை, கால், அரைக்கால், வீசம். எங்கள் பாட்டி காலத்துக் கணக்கு. நாடாவை இழுத்து, ‘எட்டில் மூன்று அங்குலக் கோடு எது?’ என்று பையனிடம் கேட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் விரலை வைத்துவிட்டான். சனிக்கிழமைகளில் அப்பாவுக்கு அளந்து கொடுக்கிறவன் அவன்தான் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அடுத்த மூன்று வாரம் அந்த நாடாதான் எங்கள் பாடநூல். மாநிலத் தேர்வில் தேறினானா என்று கேட்பீர்கள். தேறினான், எல்லைக்கோட்டை ஒட்டி.

இருபத்தெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மணிக்கு மணி பாடம் நடத்தும் ஆசிரியைக்கு அந்த நாடா கண்ணில் பட்டிருக்காது. அவர் மீது குறை இல்லை. அந்தத் தந்தை பள்ளிக்கூடப் படியேறும் நேரம் மாலை ஆறு. ஆசிரியை வீட்டுக்குப் போய் வெகுநேரம் ஆகியிருக்கும்.

இனி ஜூலைக்கு வருகிறேன்.

எங்கள் மாநிலத்தில் நிதியாண்டு ஜூலை முதல் தேதி பிறக்கிறது. கோடை வகுப்பு ஆறு வாரம் என்று மே மாதமே பெற்றோருக்குத் தாள் கொடுத்துவிட்டோம். 62 பிள்ளைகள். ஜூன் 30 அன்று கல்வித்துறையிலிருந்து மாநிலங்களுக்கு மின்னஞ்சல் போயிற்று: மறுநாள் வரவேண்டிய பணம் வராது, திட்டங்கள் மறு ஆய்வில் இருக்கின்றன என்று. எங்கள் மானியம் மட்டுமில்லை. ஆசிரியர் பயிற்சி, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள், ஊர் ஊராகப் போகும் பண்ணைத் தொழிலாளர்களின் பிள்ளைகள், முதியோர் கல்வி என எல்லாம் சேர்த்து 600 கோடி டாலருக்கு மேல். முதல் நாள் மாலை சொல்லி மறுநாள் காலை நிறுத்துவது! வாடகைக்குக் குடியிருப்பவரைக்கூட அப்படி வெளியேற்ற முடியாது.

இந்த மானியம் எப்படி ஓடுகிறது என்பதை உங்களில் சிலர் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். பணம் முன்கூட்டி எங்கள் கைக்கு வருவதில்லை. நாங்கள் முதலில் செலவு செய்ய வேண்டும். ரசீதுகளை மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். மாநிலம் சரிபார்த்துத் திருப்பித் தரும். பெரிய மாவட்டப் பள்ளி நிர்வாகங்கள் தாங்கிக்கொள்ளும். எங்களைப் போன்ற சிறிய தொண்டு அமைப்பின் வங்கிக் கணக்கில் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் இருப்பதில்லை. திருப்பித் தருவார்களா என்பதே உறுதியில்லாதபோது எந்த இயக்குநர் துணிந்து செலவு செய்வார்? எங்கள் இயக்குநர் செய்யவில்லை. அவருடைய இடத்தில் நானாக இருந்தாலும் செய்திருக்க மாட்டேன்.

முதலில் போனது பஸ். அதுதான் அதிகச் செலவு. ஊருக்கு வெளியே ஒன்பது மைலில் டிரெய்லர் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு குடியிருப்பு இருக்கிறது. அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்கு வேறு வழி கிடையாது. எங்கள் பகுதியில் பொதுப் பேருந்து என்று ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் 62 பிள்ளைகள் 27 ஆனார்கள். ஜூலை இறுதிவரை என்று அமர்த்திய கல்லூரி மாணவர்கள் இருவரும் கிடங்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் படிப்புக் கட்டணம் இருக்கிறது. மதிய உணவு வேறு திட்டத்திலிருந்து வருவது. அது தடையில்லாமல் வந்தது. 62 பேருக்கு வந்த சாப்பாட்டை 27 பேர் உண்ண முடியாமல், எண்ணிக்கையைக் குறைத்து எழுதி அனுப்பினோம். அந்தத் தாளில் எண்ணை அடித்து எழுதியது என் கைதான்.

பதினெட்டாம் தேதி செய்தி வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். மாநிலத்துக்குப் பணம் வந்து, மாநிலத்திலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்து, பஸ் ஒப்பந்தக்காரரை அழைத்தால், அவர் வண்டியை ஒரு தேவாலயத்தின் கோடை முகாமுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். பிறகு கோடை வகுப்பு முடியும்வரை ஓடியது அரை வகுப்புத்தான். உங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு டாலரும் குறைந்திருக்காது. ஒன்பது மைல் தள்ளி இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கோடை இல்லாமல் போனது போனதுதான்.

நான் சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்திருக்கிறேன். பணப்பையின் முடிச்சு நாடாளுமன்றத்தின் கையில் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு இரு அவைகளிலும் நிறைவேறி, மார்ச் 15 அன்று அதிபரே கையெழுத்திட்ட சட்டம். ஒதுக்கிய பணத்தை நிர்வாகம் தன் விருப்பத்துக்கு முடக்கக் கூடாது என்பதற்காக 1974-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தவர்கள் உங்கள் முன்னோர். அப்படியிருக்க, தம் பங்கைக் கேட்டு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஜூலை 14 அன்று நீதிமன்றப் படி ஏற நேர்ந்தது. மறுநாள் அல்ல, அதற்கு மறுநாள், குடியரசுக் கட்சி செனட்டர்கள் பத்துப் பேர் பட்ஜெட் இயக்குநர் ரஸ்ஸல் வோட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். பணத்தை விடுங்கள் என்று. குழுத் தலைவரான நீங்களும் அதில் ஒருவர், செனட்டர் காலின்ஸ். நன்றி சொல்கிறேன். ஆனால் சட்டம் இயற்றியவரே சட்டப்படி நடங்கள் என்று கடிதம் எழுதிக் கேட்க வேண்டிய நிலை எனக்கு அச்சமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறேன்.

பணத்தை நிறுத்தியதற்கு, சில மானியங்கள் இடதுசாரி அரசியலுக்குப் போகின்றன என்று பட்ஜெட் அலுவலகம் காரணம் சொன்னது. எங்கள் மையத்தில் தினமும் நடப்பது: ஒரு பால் பெட்டி, ஒரு ஆப்பிள், வீட்டுப்பாடம், அரை மணி வாசிப்பு, வெயில் இருந்தால் பந்து. இதில் அரசியல் எது என்று யாராவது வந்து காட்டட்டும், மாற்றிக்கொள்கிறோம்.

இன்னொரு வாதம் பழையது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 2017-இல் அப்போதைய பட்ஜெட் இயக்குநர் மிக் மல்வேனி, இத்திட்டத்தால் பிள்ளைகள் முன்னேறுவதற்கு ஆதாரம் இல்லை என்றார். காற்றில் எடுத்துச் சொன்னதன்று. 2003-இல் வெளிவந்த தேசிய மதிப்பீடு, தேர்வு மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்றே சொன்னது. அதே மதிப்பீட்டின் பிந்தைய அறிக்கை, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பள்ளி முடிந்தபின் கூடுதல் பாதுகாப்பாக உணர்ந்ததையும் சொன்னது. அந்த வரியை மேற்கோள் காட்டுபவர் குறைவு. எல்லா மையங்களும் நன்றாக நடக்கின்றன என்று நானும் சொல்ல மாட்டேன். தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கண்டுபிடித்து மானியத்தை எடுத்து வேறொருவருக்குக் கொடுங்கள். அதற்குத்தான் மாநிலத்திடம் கண்காணிப்புக்கும் பங்கு ஒதுக்குகிறீர்கள். ஒரு பாலம் பழுது என்பதற்காக ஊரில் உள்ள பாலங்களை எல்லாம் யாரும் இடிப்பதில்லை.

2003-இல் அன்றைய அரசு 100 கோடியை 60 கோடியாகக் குறைக்கச் சொன்னபோது நாடாளுமன்றம் மறுத்தது. 2017-இல் முழுவதையும் நீக்கச் சொன்னபோதும் மறுத்து, அடுத்த ஆண்டு சற்றுக் கூட்டியே கொடுத்தது. இந்த வழக்கத்தைத்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது வந்திருப்பது புதிய வழி. வெட்டச் சொல்லி உங்களிடம் கேட்டு வாக்கில் தோற்பதைவிட, கொடுக்காமல் வைத்துக்கொள்வது எளிது.

‘தேவாலயங்கள் இல்லையா, தொண்டர்கள் இல்லையா, அரசாங்கப் பணம் எதற்கு?’ என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அதில் தமிழர்களும் உண்டு. அவர்களுக்கு நான் நம் ஊர் உதாரணத்தையே சொன்னேன். கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபரில், தமிழ்நாடு இல்லம் தேடிக் கல்வி என்று மாலை வகுப்புகளைத் தொடங்கியது. என் சித்தி மகள் தன் வீட்டுத் திண்ணையில் இருபது பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். தன்னார்வலர் என்றுதான் பெயர். அவளுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. அந்த ஆயிரம் தாமதமான மாதங்களில் அவள் சாக்பீஸ் வாங்கக் கணவரிடம் கை நீட்டினாள். நல்ல மனம் நிறையவே இருக்கிறது; பஸ்ஸுக்கு டீசல் அதில் ஓடாது.

அந்த மாநிலத்தின் கதை இப்போது உங்கள் கதைக்கு உறவுக்காரன்போல இருக்கிறது. 2024-25க்குரிய 2,152 கோடி ரூபாய்ப் பள்ளிக்கல்வி நிதியை, வேறொரு திட்டத்தில் கையெழுத்துப் போடாததற்காக இந்திய ஒன்றிய அரசு தரவில்லை என்று தமிழ்நாடு இந்த மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. பிறந்த நாட்டிலும் குடியேறிய நாட்டிலும் ஒரே ஆண்டில் ஒரே வழக்கு. அம்மா தொலைபேசியில், ‘அங்கேயுமா?’ என்றார். நான் என்ன சொல்வது?

நான் கேட்பவை இவை.

ஜூலை 31 அன்று செனட் குழு நிறைவேற்றிய மசோதா இத்திட்டத்தைக் கைவிடவில்லை. ஆனால் நிர்வாகத்தின் 2026 பட்ஜெட், இதையும் வேறு பல கல்வித் திட்டங்களையும் ஒரே பானையில் கொட்டி 200 கோடி டாலர் என்கிறது. தலைவர் கோல் அவர்களே, பிரதிநிதிகள் சபையில் உங்கள் குழுவின் மசோதா இனித்தான் வரவேண்டும். அந்தப் பானைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆசிரியர் பயிற்சியோடும் மற்றவற்றோடும் போட்டியிட வேண்டிய இடத்தில் மாலையின் அந்த மூன்று மணி நேரத்துக்காக வாதாட யாரும் இருக்க மாட்டார்கள். இத்திட்டம் தனி வரியாக, தன் பெயரோடு, குறைந்தது 132 கோடியே 90 லட்சம் டாலரோடு நிற்க வேண்டும். கூட்டிக் கேட்கவும் எனக்கு நியாயம் உண்டு: 2002-இல் நீங்கள் கொடுத்த 100 கோடி டாலர், விலைவாசியைச் சேர்த்துப் பார்த்தால் இன்று 170 கோடிக்கு மேல். இருபது ஆண்டுகளாக நீங்கள் குறைத்துத்தான் கொடுத்துவருகிறீர்கள். 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில், இத்தகைய மாலை வகுப்புகளில் இருந்த பிள்ளைகள் 78 லட்சம். இடம் கிடைத்தால் சேர்ப்போம் என்று பெற்றோர் சொன்ன பிள்ளைகள் 2 கோடியே 46 லட்சம்.

தேதியைச் சட்டத்தில் எழுதுங்கள். ‘வழங்கலாம்’ என்று எழுதாமல், ‘ஜூலை 1க்குள் வழங்க வேண்டும்’ என்று எழுதுங்கள். தவறினால் என்ன காரணம், எத்தனை நாளைக்குள் பணம் வரும் என்று கல்விச் செயலரும் பட்ஜெட் இயக்குநரும் உங்கள் குழு முன் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். இம்மடலில் எனக்கு மிக முக்கியமான கோரிக்கை இதுவே. தொகையில் பத்துக் காசு குறைந்தாலும் இது இருந்தால் எங்களால் திட்டமிட முடியும்.

சிறிய அமைப்புகளுக்கு முதல் இரண்டு மாதச் செலவை முன்பணமாகக் கொடுக்க மாநிலங்களுக்கு வழிகாட்டுங்கள். கணக்குக் காட்டத் தவறினால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் நடந்த மறு ஆய்வில் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். எங்களைச் சந்தேகித்தவர்கள், சந்தேகம் தீர்ந்ததா இல்லையா என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

எங்கள் பள்ளி ஆகஸ்ட் 25 அன்று திறக்கிறது. மாலை மையத்தில் 60 இடங்கள்; 83 விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. அதில் 31 அந்த டிரெய்லர் குடியிருப்பிலிருந்து. பஸ் ஒப்பந்தக்காரர், ஆண்டு முழுவதற்கும் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி தருவேன் என்கிறார். அடுத்த ஜூலைக்கு உங்கள் பணம் தேதிப்படி வருமா என்பது தெரிந்தால், ஆறு வாரக் கோடையையும் சேர்த்து நாங்கள் கையெழுத்துப் போடுவோம். உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மாலை மையக் கணக்கு ஆசிரியை ஒருவர்,
வட கரோலினா